அமுக்கரா வேரும் ஆய்வுச் சான்றும்

நாட்டு மருந்துச் சரக்குகளில் அமுக்கராக் கிழங்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு. வடக்கே இதை அஸ்வகந்தா என்பார்கள். பச்சை வேரில் குதிரை வாடை வருவதால் ஏற்பட்ட பெயர். மத்தியப் பிரதேசத்தில் அதிகம் விளைகிறது. அங்குள்ள நீமச் மண்டி இதற்குப் பேர்போனது.

நம் போன்ற பழைய வியாபாரிகள் வேரின் நீளம், பருமன் பார்த்துத் தரம் பிரிப்போம். ஒடித்தால் சட்டென்று ஒடிந்து, உள்ளே மாவுபோல் வெளுத்திருந்தால் நல்ல சரக்கு. ஆனால் அந்த வெண்மை வெறும் மாவுச்சத்துதான். மருந்துக் குணத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுபவை வித்தனோலைடு என்ற வேதிப்பொருள்கள். வேரில் இவை பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

இதனால்தான் மருந்துக் கம்பெனிகள் இப்போது ஆய்வுக்கூடச் சான்று கேட்கின்றன. அதிலும் ஒரு சூது உண்டு. இந்தச் செடியின் இலையிலும் வித்தனோலைடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான வித்தாபெரின்-ஏ வேரைவிட இலையில் அதிகம். வேரோடு பார்த்தால் இலை மலிவு. எனவே வேர்ப் பொடியில் இலைப் பொடியைக் கலந்தால் விலை இறங்கும், சான்றில் எண்ணும் ஏறும்! எண் கூடுதலாக இருப்பதாலேயே சரக்கு சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

வேரில் உள்ளவையும் இலையில் உள்ளவையும் ஒரே அளவில் இல்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. மத்திய ஆயுஷ் அமைச்சகமும் 2021-ல், இலையைத் தவிர்த்து வேரை மட்டுமே பயன்படுத்தும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கூடியவரை முழு வேராகவே கொள்முதல் செய்து, நம் கண் முன்னே அரைக்க வேண்டும்.

2. பொடியாக வாங்கினால் மொத்த வித்தனோலைடு அளவு மட்டும் போதாது. இலை கலந்துள்ளதா என்று நுண்ணோக்கிச் சோதனையும் செய்யச் சொல்ல வேண்டும். பொடியில் பச்சை சாயல் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

3. ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்த வேண்டும்.

4. கிடங்கில் ஈரம் ஆகாது; பூஞ்சணம் பிடித்த மூட்டையை நல்ல சரக்கோடு கலக்கவே கூடாது.

5. சில்லறைக் கடைக்காரர்கள், கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்க வேண்டாம்.

அரைத்த பிறகு வேர் எது, இலை எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் நம்புவது கடையின் பெயரை மட்டுமே. அந்தப் பெயரைக் காப்பது நம் கையில் இருக்கிறது.