பேசினால் அவுட்!

கோடை விடுமுறை என்றாலே, தெருப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். இந்த வருஷம் அவர்களுக்கு, பேசாமல் நடித்துக் காட்டும் விளையாட்டு சொல்லிக் கொடுத்தேன். அதாங்க, 'டம்ப் ஷராட்ஸ்!'

சினிமா பெயரெல்லாம் வேண்டாம் என்று, பழைய காலண்டர் தாளை நறுக்கி, சீட்டு எழுதினேன். சின்னவர்களுக்கு, தோசை வார்ப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது. நாலாவது, ஐந்தாவது படிப்பவர்களுக்கு, 'யானைக்கும் அடி சறுக்கும்' மாதிரி பழமொழிகள். எத்தனை வார்த்தை என்று விரலால் காட்டலாம். வாயசைக்கக் கூடாது, பொருளைத் தொட்டுக் காட்டக் கூடாது. ஒரு நிமிஷம்தான் நேரம். வாசிக்கத் திணறும் வாண்டுகளுக்கு, காதில் சொல்லி விடுவேன்.

பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாவது படிக்கிறான். கொஞ்சம் திக்கிப் பேசுவான். மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால், தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. 'இதுல பேசினாத்தான்டா அவுட்டு, வா' என்று இழுத்து வந்தேன்.

'கோழியைத் துரத்தும் பாட்டி' சீட்டு அவனுக்கு. துண்டை முந்தானையாக இழுத்துச் செருகி, இடுப்பைப் பிடித்தபடி அவன் துரத்திய அழகில், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

விடை சொல்லும்போதுதான் சிக்கல். அவன், 'கு... கு...' என்று ஆரம்பிப்பதற்குள், 'குடை' என்று மற்றவர்கள் கத்தி, மார்க்கைத் தட்டிச் சென்றனர். பிள்ளை முகம் சுண்டிப் போச்சு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் எதையாவது கேட்டு வந்தால், 'சர்க்கரையா, காபித் தூளா?' என்று, நானும் முந்திக் கொள்பவள்தானே! உதவி என்று நினைத்தேன். அவன் பேச்சைப் பிடுங்கியிருக்கிறேன்.

மறுநாள் புது சட்டம் போட்டேன். முதலில் கை தூக்கியவர்தான் விடை சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை, வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. மீறினால் ஒரு மார்க் குறையும். முதலில் முணுமுணுத்தார்கள், நாலைந்து நாளில் பழகி விட்டது.

அவனுக்குத் திக்கல் போய் விடவில்லை. ஆனால், போன வாரம் வாசலில் வந்து நின்று, 'அத்தே... அம்மா க... க... கறிவேப்பிலை கேட்டாங்க' என்று, முழுசாகச் சொன்னான். அதுவரை நானும் வாய் திறக்காமல் காத்திருந்தேன்.

தோழியரே, காசு செலவில்லாத விளையாட்டு. உங்கள் வீட்டு வாண்டுகளோடு ஆடிப் பாருங்கள். அந்தப் புது சட்டத்தையும் மறக்காமல் சேர்த்துக் கொள்ளுங்கள்!

- ஒரு வாசகி, தேனி.