ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் இசைப் பாடம்

இசைக் கல்வி என்றதும் மும்பைத் தமிழர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது மாட்டுங்காவும் செம்பூரும்தான். சனிக்கிழமை மாலை, சுருதிப் பெட்டி, பாட்டு மாமி, வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள். ஷண்முகானந்தா அரங்கிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தச் சின்னத் தூரத்தைக் கடந்து போன சரளிவரிசை மிகக் குறைவு. நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சங்கத்தின் கல்வி நிதி எதற்குப் போகலாம் என்ற பேச்சு அடிபடும் இந்தச் சமயத்தில், அந்த அனுபவத்தையும், இத்துறையில் நடந்திருக்கும் ஆய்வுகளையும் மலர் வாசகர்கள் முன் வைப்பது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சங்க அன்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுற பசங்களுக்குப் பாட்டு எதுக்கு சார்? முதல்ல படிப்பு வரட்டும். பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே."

நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாக ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'இசை கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும்' என்பது அந்தப் பதில். விளம்பரத் தாள்களிலும் பள்ளி மேடைகளிலும் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. நான் இந்தப் பதிலைச் சொல்வதில்லை. காரணம் உண்டு.

1993-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரோஷர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. சோதனையில் குழந்தைகள் ஒருவரும் இல்லை. ஆனாலும் செய்தி ஊர் ஊராகப் பரவி, 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது! பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த விளைவு கரைந்தே போயிற்று.

கேட்பது வேறு, கற்பது வேறு என்று சொல்வீர்கள். சரி. 2004-இல் டொராண்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு ஒன்றுமில்லை. ஓராண்டு கழித்து அறிவுத்திறன் அளவில் இசை கற்றவர்களுக்கு 7 புள்ளி ஏறியிருந்தது. மற்றவர்களுக்கும் சுமார் 4 புள்ளி ஏறியிருந்தது. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. (நாடகம் கற்ற பிள்ளைகள் பிறரோடு பழகுவதில் முன்னேறியிருந்தார்கள் என்பது அந்த ஆய்வின் துணைச் செய்தி. அதை யாரும் விளம்பரம் செய்யவில்லை, பாருங்கள்.) 2020-இல் சாலா, கோபே என்ற இருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இசைப் பயிற்சியால் பொது அறிவுத்திறனோ பள்ளி மதிப்பெண்ணோ உயர்வதாகச் சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் முடிவு.

ஆகவே 'கணக்கு வரும்' என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்லிப் பாட்டு வகுப்பு தொடங்கினால், அது நிறைவேற்ற முடியாத வாக்கு. இரண்டு வருடத்தில் மதிப்பெண் ஏறவில்லை என்று சொல்லி வகுப்பையே எடுத்துவிடுவார்கள். கொடுக்கக் கூடியதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

காதும் மாத்திரையும்

கொடுக்கக் கூடியது முதலில் காதுப் பழக்கம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ரவுடிக் கும்பல்கள் மலிந்த பகுதிகளில் வாழும் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் 'ஹார்மனி ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு 2001 முதல் இயங்குகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா க்ரவுஸ் குழுவினர் அந்தப் பிள்ளைகளில் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 'பா', 'கா' போன்று நெருங்கி ஒலிக்கும் எழுத்துகளை மூளை எவ்வளவு தெளிவாகப் பிரித்தறிகிறது என்பதை அவர்கள் அளந்தார்கள். ஓராண்டுப் பயிற்சியில் மாற்றம் தெரியவில்லை. இரண்டாண்டு முடிந்தபோது தெரிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் என் வகுப்பில் நான் காண்பதோடு இது ஒத்துப்போகிறது.

அது என்ன என்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், சந்தில் இந்தி, கடையில் மராத்தி. இந்தியிலும் மராத்தியிலும் எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் பிரிவு கிடையாது. இந்தப் பிள்ளை தமிழ்ப் பாடத்தில் 'கொடு' என்பதற்கும் 'கோடு' என்பதற்கும், 'எடு' என்பதற்கும் 'ஏடு' என்பதற்கும் தடுமாறுகிறது. ஆசிரியர் கொம்பைக் காட்டிக் காட்டித் திருத்துகிறார். கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாதவரை அது நிற்பதில்லை. தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன அளவே கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும்தானே! உடம்பால் அளக்கும் காலம் அது. பாட்டு வகுப்பில் குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டி ஒரு வீச்சு என்று வைத்துக்கொண்டால், 'கொ' எங்கே முடிகிறது, 'கோ' எவ்வளவு நீள்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. கை சொன்னதைக் காது கேட்டுக்கொள்கிறது. இது என் வகுப்பறை அனுமானம், ஆய்வு முடிவல்ல. ஆனால் தாள உணர்வுக்கும் எழுத்துக் கூட்டும் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதி வருகிறார்.

இதற்கெல்லாம் வாத்தியம் வேண்டாம். தொண்டையும் உள்ளங்கையும் போதும். ஹங்கேரியில் சோல்டான் கோடாய் என்ற இசையமைப்பாளர் வற்புறுத்தியதும் இதுதான். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் தொடங்கிய தொடக்கப் பள்ளியில் தினமும் பாட்டு உண்டு. நம்மிடம் சொற்கட்டு என்ற பெரும் சொத்து இருக்கிறது. 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, இரண்டையும் சேர்த்தால் மிஸ்ரம் ஏழு. சுருதிக்கு, இன்று கைபேசியிலேயே தம்பூரா ஓடுகிறது.

சரளிவரிசையிலேயே தொடங்க வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. இந்தப் பிள்ளைகள் இசையே தெரியாமல் வருகிறவர்கள் என்று நினைப்பது நம் அறியாமை. கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை, விநாயகர் ஊர்வலத்து நாசிக் டோல், எல்லாம் அவர்கள் காதில் இருக்கிறது. பேண்டு செட்டில் மேளம் அடிப்பவரின் மகன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். வாசிப்பில் கடைசி வரிசை. தாளத்தில் அவன்தான் மற்றவர்களுக்குக் காலப்பிரமாணம். "எம்புள்ள வீட்டுல பாத்திரத்தைக்கூட விட்டுவைக்க மாட்டேங்கான் சார், எந்நேரமும் தாளம்தான்" என்று அவன் அம்மா குறை சொல்வதுபோல் சொன்னார். முகத்தில் குறை இல்லை. அதுவரை அந்த அம்மாவைப் பள்ளிக்கு அழைத்ததெல்லாம் புகார் சொல்லத்தான்.

யாருக்குப் போய்ச் சேர்கிறது?

வெனிசுவேலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தெமா' இயக்கம் உலகப் புகழ் பெற்றது. ஏழைக் குழந்தைகளுக்கு இசைக்குழுப் பயிற்சி தருவது அதன் நோக்கம். 2012, 2013 ஆண்டுகளில் அங்கே 16 மையங்களில் 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளிவந்த முடிவில், ஓராண்டுப் பயிற்சியில் பிள்ளைகளின் தன்னடக்கம் மேம்பட்டதும், சில பிரிவுப் பையன்களிடம் அடிதடி குறைந்ததும் தெரிந்தன. அறிவுத்திறனில் பெரிய மாற்றம் இல்லை. என்னைச் சிந்திக்க வைத்தது வேறு ஒரு கணக்கு. அந்த மாநிலங்களில் வறுமையில் இருந்தோர் 46.5 சதவீதம். இசை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிலோ ஏழைகள் 16.7 சதவீதம்தான்.

ஏழைகளுக்காகவே தொடங்கிய, இலவசமான திட்டத்தில் இப்படி ஏன் ஆயிற்று? பள்ளி விட்ட பிறகு, வேறோர் இடத்தில், விருப்பமுள்ளவர் வரலாம் என்று வைத்தால், கொண்டுவந்து விட ஆள் உள்ள வீட்டுப் பிள்ளைதான் வரும். நம் சங்க மண்டபத்து வார இறுதி வகுப்பும் அப்படித்தான். கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் தாராவி அம்மா அந்நேரம் வேலை செய்யும் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்குள்ளேயே வேறொரு வடிகட்டி இருக்கிறது. ஆண்டு விழா! நல்ல குரலாகப் பார்த்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஒரு மாதம் ஒரே பாட்டை உருப்போட வைத்து, மேடை ஏற்றிவிட்டு, 'எங்கள் பள்ளியில் இசை உண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். மீதிப் பிள்ளைகள் அந்த மாதம் முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இதை இசைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு நேர்மாறான பள்ளி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. வங்காளத்து மலைப்பகுதியான காலிம்போங்கில், மறைந்த இயேசு சபைத் துறவி எட்வர்ட் மக்குவயர் 1993-இல் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளி. சேர்வதற்குத் தகுதி, ஏழையாக இருப்பது. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு. சிறு வகுப்பிலிருந்தே வயலின் உண்டு, எல்லாருக்கும். குரல் நன்றாக இருக்கிறதா, விரல் நீளமா என்று பார்த்துப் பொறுக்குவதில்லை. அங்கிருந்து வெளிநாட்டில் இசை படிக்கப் போனவர்களும் உண்டு. இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுவது, போகாத மற்ற பிள்ளைகளும் அதே வயலினைத் தொட்டார்கள் என்பது.

சட்டம் விட்ட இடைவெளி

நம் நாட்டில் கொள்கைக்குப் பஞ்சமில்லை. 1937-இல் காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்காக ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் கைத்தொழிலோடு சங்கீதமும் ஓவியமும் இருந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் கலையைப் பேசுகிறது.

ஆனால் ஆள் எங்கே? 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை? பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் எண்ணிக்கை மட்டும்தான். கலைக்கு என்று யாரும் இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டபோதும், அது நடுநிலை வகுப்புகளைக் கருதியே. எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்ளும் ஆறு, ஏழு வயதில் பாட்டு இல்லை. ஒட்டாமல் போன பிறகு, பதினொரு வயதில், வாரம் ஒரு பீரியட் வருகிறது.

சங்கத்துக்கு என் யோசனை இந்த இடைவெளியைப் பற்றியதுதான். ஒரே பள்ளி போதும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மட்டும். பள்ளி நேரத்துக்குள், தினமும் இருபது நிமிடம், ஒரு பிள்ளை விடாமல். குறைந்தது இரண்டு ஆண்டு. ஆண்டு விழாப் பாட்டுக்கு அந்த ஆசிரியரை இழுக்கக் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கு மார்க்கை யாரும் கேட்க வேண்டாம். வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம், குறில் நெடில் வாசிப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டுக் குறித்து வைக்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நேரம் எங்கே கிடைக்கும் என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நான் போகும் பள்ளியில் பெரிய டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். மதிய உணவு முடிந்து கை கழுவிவிட்டு வரும் பிள்ளைகள் அமைதியாக உட்காரவே கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் எனக்குக் கொடுத்தார். இப்போது வரிசையில் நிற்கும்போதே ஈரக் கையால் 'தகிட தகதிமி' தொடங்கிவிடுகிறது.