படகுக்குள் ஏறிய தண்ணீர் எங்கே போகும்?

ஆடித் தபசு சமயத்தில் சங்கரன்கோவிலில் அடிக்கிற மேல்காற்று எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. கிழக்கே போய், தூத்துக்குடியைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. கரையை ஒட்டிய இடத்தில் அலை சிறியதாகத்தான் இருக்கும். உள்ளே போகப் போக, காற்று தடையில்லாமல் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போவதால் அலையும் வளரும். எஞ்சின் நின்றுபோன படகை இந்தக் காற்று கரைக்குக் கொண்டுவராது; இன்னும் உள்ளேதான் தள்ளும். ஆகவே நம் பக்கத்துக் கடலுக்குப் புதுப் படகு ஒன்று வருகிறது என்றால், அதன் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அலை அடித்து உள்ளே ஏறிய தண்ணீர் எங்கே போகும்?

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் நிற்கும். சாதாரண ஃபைபர் படகில் ஓட்டுபவர் பின்கோடியில் உட்கார்ந்து, வெளியே தொங்கும் எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்தே படகைத் திருப்புவார். ‘சென்டர் கன்சோல்’ என்கிற வகையில் அப்படி இல்லை. படகின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை இருக்கும். ஸ்டியரிங், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், திசைகாட்டி எல்லாம் அதன்மேல்தான். ஓட்டுபவர் நின்றுகொண்டே நான்கு பக்கமும் பார்ப்பார். மேடையைச் சுற்றிப் படகின் ஓரம் முழுக்க நடக்க வழி உண்டு. தூண்டிலில் மாட்டிய பெரிய சூரை படகைச் சுற்றிச் சுற்றி ஓடும்போது, மீன்பிடிப்பவரும் கூடவே சுற்றிவர வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த அமைப்பு. அந்தமானில் தூண்டில் மீன்பிடிப்புக்கு இப்படிப்பட்ட படகுகள் ஓடுகின்றன.

நடுவில் நிற்பதில் இன்னொரு பயனும் உண்டு. அலையில் முன்முனை ஏறும்போது பின்முனை இறங்கும். பின்முனை ஏறும்போது முன்முனை இறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் குறைவாக ஆடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு நம் கடற்கரை மிகப் பழங்காலத்திலேயே ஒரு விடை கண்டுபிடித்திருந்தது: கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது அது. அதற்கு உட்பக்கம் என்றே ஒன்று கிடையாது. மேலே விழுந்த தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக அப்படியே கீழே இறங்கிவிடும். இறைக்க வேண்டியதில்லை. மரம் நீரைவிட அடர்த்தி குறைந்தது, எனவே அது கவிழ்ந்தாலும் மூழ்காது. திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். மரம் மெல்ல மெல்லத் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயவைப்பார்கள். இதைவிடத் தெளிவான அறிவியலை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

வள்ளத்தின் வழி வேறு. அது உள்ளே குழிவானது. குழிவாக இருப்பதால் நிறையத் தண்ணீரை விலக்குகிறது. விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் விதி. ஆனால் அலைநீர் உள்ளே புகுந்தால் அந்தக் குழிவே ஆபத்தாகிவிடும். ஒரு தாம்பாளத்தில் பாதித் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் போதும், மொத்தத் தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடிவந்து இன்னும் சாய்த்துவிடும். படகிலும் இதேதான் நடக்கும். 5 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள தரையில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 750 லிட்டர், அதாவது முக்கால் டன். அந்த முக்கால் டன் ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஓடும்.

சென்டர் கன்சோல் படகுக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே கட்டுமரத்தின் அறிவு ஒளிந்திருக்கும். நாம் நிற்கிற தளம் படகின் அடிப்பகுதி இல்லை. அதற்கு மேலே, வெளியே இருக்கும் நீர்மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் போட்ட இன்னொரு தளம். அதன் பின்மூலைகளில் வடிதுளைகள். அலை உள்ளே கொட்டினாலும் தண்ணீர் தானாகவே வெளியேறிவிடும். மோட்டார் வேண்டாம், ஆள் வேண்டாம், புவியீர்ப்பு போதும். தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், நல்ல படகுகளில், காற்றுக்குமிழ்கள் அடைத்த நுரைப்பொருளை நிரப்பியிருப்பார்கள். ஒரு கன மீட்டர் நுரை சுமார் 30 கிலோதான். அது முழுதும் தண்ணீருக்குள் அமிழ்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டன்னைத் தூக்கிப்பிடிக்கும்.

இதை உலகத்துக்குக் காட்ட ஒருவர் துணிச்சலான வேலை செய்தார். அமெரிக்காவின் டிக் ஃபிஷர், 1958-இல் பாஸ்டன் வேலர் என்ற படகை விற்பனைக்குக் கொண்டுவந்தவர். 1961-இல் ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஃபிஷர் உட்கார்ந்திருந்த படகையே ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். இரண்டு பாதியும் மிதந்தன. எஞ்சின் இருந்த பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போய்விட்டார்.

நீங்கள் படகை அறுக்க வேண்டாம். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், கொஞ்சம் தெர்மாகோல், ஒட்டும் டேப், ஒரு வாளித் தண்ணீர் போதும். கிண்ணம் மிதக்கும், தண்ணீர் நிரப்பினால் மூழ்கும். இப்போது இரண்டு தெர்மாகோல் துண்டுகளை (ஒவ்வொன்றும் 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. தடிமன்) கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி எதிரெதிராக ஒட்டுங்கள். கிண்ணம் 100 கிராமுக்குள் இருந்தால், தண்ணீர் நிரம்பிய பிறகும் மூழ்காது. அடுத்து அதே துண்டுகளைக் கழற்றிக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிப் பாருங்கள். மிதக்கும், ஆனால் தலைகீழாகக் கவிழப் பார்க்கும். தூக்கும் விசை கீழே, எடை மேலே என்று ஆகிவிடுகிறது. நுரை எவ்வளவு என்பதோடு, எங்கே வைத்தோம் என்பதும் முக்கியம். அதனால்தான் படகு கட்டுபவர்கள் பக்கச் சுவர்களின் மேல்பகுதியிலும் நுரை வைக்கிறார்கள்.

அடிப்பகுதியின் வடிவத்தையும் பாருங்கள். சென்டர் கன்சோல் படகுகளில் பலவற்றுக்கு அடி ‘வி’ வடிவில் ஆழமாக இருக்கும். வேகமாகப் போகும்போது தட்டையான அடி அலைமேல் பட்டுப்பட்டென்று அறையும். ‘வி’ அடி அலையை வெட்டிக்கொண்டு இறங்கும். முதுகு தப்பிக்கும். ஆனால் இந்த அடியை எல்லாக் கரைக்கும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். உவரியிலும் மணப்பாட்டிலும் துறைமுகத்துக்குள் கட்டிவைக்காமல் மணலில் ஏற்றி நிறுத்துகிற படகுகள் உண்டு. ஆழமான ‘வி’ மணலில் ஒருபக்கம் சாய்ந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்பவர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கியபோது, கரைமோதும் அலையைத் தாண்டி மணலில் ஏறி இறங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனையாக இருந்தது. கடல் மட்டும் படகின் வடிவத்தை முடிவு செய்வதில்லை, கரையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

மேடையின் மேல் உள்ள கருவிகளில் எனக்குப் பிடித்தது எக்கோ சவுண்டர். கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். அனுப்பிய ஒலி 0.04 நொடியில் திரும்பி வந்தால், போனதும் வந்ததுமாக 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர். இன்னொன்று, கரையோடு பேசும் செயற்கைக்கோள் கருவி. செல்போன் சிக்னல் எட்டாத தொலைவிலும் புயல் எச்சரிக்கை கிடைப்பதற்காக, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. அதை நினைத்தால் இந்தக் கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எஞ்சின் சாவிப் பக்கத்தில் ஒரு சுருள் கயிறு தொங்கும். அதன் மறுமுனையை ஓட்டுபவர் தன் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். மாட்டாமல் விழுந்தால், ஆளில்லாத படகு ஓடிக்கொண்டேயிருக்கும். வட்டமடித்து, விழுந்தவரிடமே சுழலும் விசிறியோடு திரும்பி வரவும் கூடும். எஞ்சினில் ஒரு சாம்பல் நிறக் கட்டியும் இருக்கும். அது துத்தநாகம். உப்புநீரில் அலுமினியத்துக்கு முன்னால் அது அரிபட்டு, எஞ்சினைக் காப்பாற்றும். தேய்ந்ததும் புதிது மாட்ட வேண்டும். பெயின்ட் அடித்து மூடினால் வேலை செய்யாது.

இனி, புதுப் படகைத் தண்ணீரில் இறக்கிய முதல் நாள். வடிதுளைகள் தண்ணீரை வெளியே விடுவது, தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான். பாரம் கூடித் தளம் கீழே போய்விட்டால் அதே துளைகள் வழியாகக் கடல் உள்ளே வரும். எவ்வளவு பாரம் வரை போகலாம்? கணக்குப் போடலாம். படகு நீர்மட்டத்தில் அடைத்துக்கொள்ளும் பரப்பு 10 சதுர மீட்டர் என்று வையுங்கள். அது 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் விலகும் நீர் 100 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ, ஆக, சுமார் 102 கிலோ. தளம் நீர்மட்டத்துக்கு 8 சென்டிமீட்டர் மேலே இருந்தால், சுமார் 820 கிலோ ஏற்றியதும் துளைகள் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். ஐஸ், டீசல் அல்லது பெட்ரோல், ஆட்கள், பிடித்த மீன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அலைக்கென்று கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும். இந்தக் கணக்கு, பாரம் படகு முழுக்கப் பரவியிருந்தால்தான் சரி. துளைகள் பின்மூலையில் இருக்கின்றன, கனமான எஞ்சினும் அங்கேதான் தொங்குகிறது. நான்கு பேர் ஒன்றாகப் பின்னால் போய் நின்றால் 820 கிலோ வரும் முன்பே அங்கே கால் நனையும். அதனால் துறைமுகத்தின் அமைதியான தண்ணீரிலேயே ஆட்களைப் பின்பக்கம் ஒவ்வொருவராக நிற்கவைத்து, எத்தனையாவது ஆளுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது என்று கவனித்து, வெளிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.