குரலைத் தொடாத கை

1987-ல் ஐரோப்பாவின் பல நாடுகள் கொண்டாடிய பிரெஞ்சுப் பாட்டு ஒன்று இங்கிலாந்தில் எடுபடவில்லை. ‘வொயாஜ் வொயாஜ்’. எழுதியவர்கள் ழான்-மிஷேல் ரிவா, டொமினிக் டுபுவா. பாடியவர் டிசயர்லெஸ். இயற்பெயர் கிளாடி ஃப்ரிட்ஷ்-மான்ட்ரோப். முன்பு ஆடை வடிவமைப்பாளராக இருந்தவர். 1986 டிசம்பரில் பாட்டு வெளிவந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். மேற்கு ஜெர்மனியிலும் நார்வேயிலும் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டு, பிரிட்டிஷ் தரவரிசையில் 53-ம் இடத்தோடு நின்றுபோனது. 1988-ல் லண்டனில் அதையே நடனத்துக்கு ஏற்ப ரீமிக்ஸ் செய்து மறுபடி வெளியிட்டார்கள். இந்த முறை 5-ம் இடம். முழுக்கப் பிரெஞ்சிலேயே பாடிய பாட்டுக்கு அந்த நாட்டில் அது லேசில் கிடைக்கிற இடமல்ல.

ரீமிக்ஸ் செய்தவர் பீட் ஹாமண்ட். ரிக் ஆஸ்லி, கைலி மினோக் பாட்டுகளால் பெயர் பெற்ற ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மன் மூவரின் ஸ்டுடியோவில் மிக்ஸிங் பொறியாளராக இருந்தவர். எல்லாப் பாட்டையும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள் என்ற பழி அந்த ஸ்டுடியோவுக்கு உண்டு. அங்கே போன பிரெஞ்சுப் பாட்டு தன் முகத்தோடு திரும்பியிருக்கிறதே, அதுதான் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறது.

டிசயர்லெஸ்ஸின் குரலைக் கவனியுங்கள். கொஞ்சம் தாழ்ந்த, அலட்டிக்கொள்ளாத குரல். கங்கை, அமேசான், சகாரா, ஃபூஜி மலை என்று உலகையே சுற்றி வரும் பாட்டு; ஆனால் பாடுகிறவரிடம் துளி அவசரம் இல்லை. பல்லவியில் சுருதி ஏறும்போதுகூட உணர்ச்சியைக் கொட்டுவதில்லை. மூலப்பாட்டில் சின்தசைசரும் அதே நிதானத்தோடு கூடவே மிதந்து வரும். ஹாமண்ட் கைவைத்தது அடித்தளத்தில். டிரம்மைத் தடிமனாக்கி, பேஸை முன்னே கொண்டுவந்து தாளத்தை ஓடவிட்டார். குரலை அதன் போக்கில் விட்டுவிட்டார். கீழே கால்கள் துள்ளுகின்றன, மேலே ஒரு பெண் நிதானமாகப் பாடிக்கொண்டே போகிறார். மூலத்தில் இல்லாத இந்த முரண்தான் ரீமிக்ஸின் அழகு. இன்னொருவராக இருந்தால் அந்தக் குரலைத் துண்டாடி, எதிரொலி ஏற்றி, ‘வொ-வொ-வொ’ என்று திக்க வைத்திருப்பார். அந்தக் காலத்து ரீமிக்ஸ்களில் அது மலிந்து கிடந்தது.

குரலும் ஒவ்வொரு வாத்தியமும் நாடாவில் தனித்தனித் தடங்களில் பதிவாகியிருப்பதால்தான் இப்படி ரீமிக்ஸ் செய்வது சாத்தியம். வேண்டாத தடத்தை அடக்கலாம், புதிய தாளத்தைச் சேர்க்கலாம். இந்த ரீமிக்ஸ்களை வெளியிட, நடனக்கூடங்களுக்கென்றே 12 அங்குல இசைத்தட்டு இருந்தது. பெரிய தட்டில் பள்ளங்களுக்கு இடைவெளி அதிகம், அதனால் பேஸ் ஒலியைத் தாராளமாகப் பதிக்கலாம். எழுபதுகளில் நியூயார்க்கில் ரீமிக்ஸ் முன்னோடி டாம் மௌல்டன் கண்டுகொண்ட நன்மை அது. அந்தத் தட்டுகளில் பாட்டு நீண்டும் இருக்கும். வெறும் தாளமாக ஓடும் தொடக்கத்தில்தான் டிஜே முந்தைய பாட்டோடு இதைக் கோப்பார்.

முதலில் மூலத்தைக் கேளுங்கள், பிறகு ரீமிக்ஸின் நீண்ட வடிவத்தை. கைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம், ஹாமண்டின் உழைப்பில் பாதி அதில் கேட்காது. பேஸ் நன்றாக வரும் ஒலிபெருக்கியில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.