நட்சத்திர ஓட்டலில் பாதி விலைக்கு சாப்பாடு: உள்ளே போகும் முன் இதை தெரிஞ்சுக்குங்க!

செங்கல்பட்டு:-

"இருவர் சாப்பிடலாம், ஒருவருக்கு மட்டும் பணம்" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. 5 நட்சத்திர ஓட்டல் பபே சாப்பாடு பாதி விலைக்கு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த "பாதி விலை" எதற்கு, எதற்கு இல்லை என்று தெரியாமல் போனால் பில் வரும்போது நெஞ்சு படபடத்துப் போகும். நமக்கே அது நடந்தது.

போன மாதம் நமது 10-வது திருமண நாள். பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, மின்சார ரெயிலில் ரிட்டன் டிக்கெட் எடுத்து மனைவியோடு கிண்டி பக்கம் உள்ள ஒரு பெரிய ஓட்டலுக்கு மதிய சாப்பாட்டுக்கு போனோம். ஒரு ஆளுக்கு ரூ.1,800. சலுகையில் 2 பேருக்கும் சேர்த்தே ரூ.1,800. கையில் ரூ.2,800 ரொக்கம், பேங்க் கணக்கில் ரூ.412. மாசக் கடைசி, வேறு வழியில்லை. வரி போட்டாலும் தாராளமா போதும்னு கணக்கு போட்டுத்தான் கிளம்பினோம்.

ஏன் பாதி விலைக்கு தருகிறார்கள்?

ஓட்டல்காரர்கள் நம்ம மேல இரக்கப்பட்டு தருவதில்லை. வார நாட்களில் மதியம் பாதி மேஜை காலியாக கிடக்கும். சமையல்காரர் சம்பளம், ஏ.சி. கரண்ட் பில் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். பபே என்றால் அண்டாவில் சமைத்து வைத்தாக வேண்டும். காலி மேஜைக்கு பாதி காசு வந்தாலும் லாபம்தானே! தவிர, கூல்டிரிங்ஸ், ஜூஸ், மது வகைகளுக்கு பெரும்பாலும் சலுகை கிடையாது. விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள்.

இந்த யோசனை அமெரிக்காவில் இருந்து வந்தது. 1992-ம் ஆண்டு நியூயார்க் நகரில் ஜனநாயக கட்சி மாநாடு நடந்தபோது, பெரிய ரெஸ்டாரண்டுகள் சேர்ந்து மதிய சாப்பாட்டை 19 டாலர் 92 சென்டுக்கு கொடுத்தன. வருஷத்தையே விலையாக வைத்துவிட்டார்கள். அதுதான் "ரெஸ்டாரண்ட் வீக்". நம் நாட்டில் 2017-ல் சொமேட்டோ நிறுவனம் "கோல்டு" என்ற திட்டம் கொண்டு வந்தது. ஒரு அயிட்டம் வாங்கினால் இன்னொன்று இலவசம். கூட்டம் குவிந்தது. கட்டுப்படியாகவில்லை என்று 2019 ஆகஸ்டு மாதம் நூற்றுக்கணக்கான ரெஸ்டாரண்டுகள் அதில் இருந்து விலகின. அது தனிக்கதை.

உள்ளே நடந்தது

வாசலில் தலைப்பாகை கட்டியவர் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொன்னதும் மனைவிக்கு கூச்சம். "நம்ம செருப்பைத்தான் பார்க்கிறாங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை. பேண்ட், சட்டை, சாதாரண சேலை போதும்.

உட்கார்ந்ததும் சப்ளையர் வந்து, "தண்ணி எது சார், மினரலா?" என்று பணிவாக கேட்டார். தலையை ஆட்டிவிட்டோம். "குடிக்க என்ன?" என்றார். அதுவும் பபேயோடு சேர்ந்தது என்று நினைத்து 2 எலுமிச்சை ஜூஸ் சொன்னோம். இங்கேதான் கோட்டை விட்டது!

சாப்பாடு பற்றி குறை சொல்ல முடியாது. சூப், மீன் வறுவல், பிரியாணி, சுடச்சுட தோசை, 8 வகை இனிப்பு. மனைவி நாலு தட்டு மாற்றி இனிப்பு பக்கமே நின்றார். நாம் பிரியாணியிலேயே வயிற்றை நிரப்பிவிட்டோம். முதலில் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு அப்புறம் தட்டை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பபேயில் மிச்சத்தை பார்சல் கட்டித் தரமாட்டார்கள்.

பில் வந்தது

பபே ரூ.1,800. ஜூஸ் இரண்டு ரூ.700. தண்ணீர் பாட்டில் ரூ.200. ஆக ரூ.2,700. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் ரூ.270. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மொத்தம் ரூ.3,505!

நம்மிடம் இருந்ததே ரூ.3,212. மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னங்க, மோதிரத்தை கழட்டவா?" என்று காதோரம் கேட்டார். விளையாட்டுக்கு கேட்டாரா, நிஜமாகவா என்று இன்னும் தெரியவில்லை.

சர்வீஸ் சார்ஜ் விஷயம் செய்தியாக எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி அறிவித்தது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்கு போயின. 2025-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த மனுக்களை தள்ளுபடி செய்து, ஆணையம் சொன்னது செல்லும் என்று தீர்ப்பு கூறியது. வாடிக்கையாளர் விரும்பினால் டிப்ஸ் தரலாம், கட்டாயம் கிடையாது.

மானேஜரை கூப்பிட்டு, "சார், சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னோம். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 5 நிமிடத்தில் வேறு பில் வந்தது. ரூ.3,186. ரொக்கம் போக மீதியை ஜிபேயில் கட்டினோம். மிச்சம் 26 ரூபாய். சப்ளையருக்கு டிப்ஸ் வைக்க முடியாததுதான் மனசுக்கு கஷ்டமாக இருந்தது. அவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூசும், பாட்டிலும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வரியோடு ரூ.2,124-ல் முடிந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது

பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குகிறார்கள் என்று சண்டை போட்டு பயன் இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும்போது கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறிவிட்டது. "சாதா தண்ணி கொடுங்க" என்று கேளுங்கள், சுத்திகரித்த தண்ணீர் காசில்லாமல் வரும். கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

ஜி.எஸ்.டி.யை தவிர்க்க முடியாது. அறை வாடகை ஒரு நாளைக்கு ரூ.7,500-க்கு மேல் உள்ள ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். வெளியே தனியாக இருக்கும் ரெஸ்டாரண்ட் என்றால், ஏ.சி. இருந்தாலும் 5 சதவீதம்தான். சலுகை பில்லிலேயே கழித்துக் காட்டப்பட்டால், கழித்தது போக மீதிக்குத்தான் வரி.

பெரும்பாலான சலுகைகள் ஞாயிறு, பண்டிகை நாட்களில் செல்லாது. முன்கூட்டியே மேஜை பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கும். குழந்தைகளுக்கு தனி ரேட். போவதற்கு முன் ஓட்டலுக்கே ஒரு போன் போட்டு, "வரியோட மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

சர்வீஸ் சார்ஜை எடுக்க மறுத்தால், பில்லை போட்டோ பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம்.