பால்கனியில நின்னு நியூஸ் எழுதினவங்க

பிரஸ் கிளப்னாலே நமக்கு டேபிள் நிறைய மைக், யாராவது கோபமா பேட்டி கொடுக்கிறது, இதுதான் ஞாபகம் வரும். அது ஏதோ வாடகைக்கு விடற ஹால்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். வாஷிங்டன்ல இருக்கிற நேஷனல் பிரஸ் கிளப் பத்திப் படிச்சப்புறம்தான், அந்த ஹாலுக்குள்ள யாரை விடறாங்கங்கிறதே எவ்வளவு பெரிய சண்டைன்னு புரிஞ்சது.

1908-ல் பத்திரிகைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. வேலை முடிஞ்சா உட்கார்ந்து பேச, குடிக்க ஒரு இடம். 1945-ல் துணை ஜனாதிபதி ட்ரூமன் அங்கே பியானோ வாசிக்க, நடிகை லாரன் பகால் அந்தப் பியானோ மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பார். செம போட்டோ, தேடிப் பாருங்க.

ஆனா உண்மையான பவர் அங்க நடக்கிற மதிய விருந்துலதான். தலைவர்கள் வந்து பேசுவாங்க, நிருபர்கள் கேள்வியை எழுதிக் கொடுப்பாங்க, கிளப் தலைவர் அதை வாசிப்பார். பேசினது உடனே செய்தியாகிடும். பெண் நிருபர்கள் மட்டும் உறுப்பினராக முடியாது. 1919-லயே அவங்க தனி கிளப் தொடங்கிட்டாங்க, ஆனா பெரிய பேச்சாளர்கள் போறது ஆண்கள் கிளப்புக்குத்தானே?

1955-ல்தான் லூயிஸ் லாட்டியர் என்ற முதல் கறுப்பின உறுப்பினர் உள்ளே வந்தார். அதே வருஷம் பெண்களுக்கும் ஒரு 'சலுகை': பால்கனியில் இருந்து பேச்சைக் கேட்கலாம். சாப்பாடு கிடையாது, கேள்வி கேட்கவும் முடியாது. நம்ம ஆபீஸ் கால்ல மியூட் பண்ணி வைக்கிற மாதிரி. என்ன, இவங்க கூட்டத்துல நெரிஞ்சு நின்னுகிட்டு, கீழ சாப்பாட்டு வாசனையோட குறிப்பெடுக்கணும். டெட்லைன் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு!

1959-ல் சோவியத் தலைவர் குருஷேவ் வந்தப்போ மட்டும் கொஞ்சம் பெண்களைக் கீழே உட்கார விட்டாங்க. அவர் போனதும் பழையபடி பால்கனி.

எனக்கு ரொம்ப உறுத்தினது 1963. வாஷிங்டன் பேரணிக்கு முன்னாடி, அதன் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் இந்தக் கிளப்பில் பேச ஒத்துக்கிட்டார். கறுப்பினப் பெண் வழக்கறிஞர் பாலி முர்ரே அவருக்குக் கடிதம் எழுதினார்: பஸ்ஸில் பின்சீட்டுக்கு அனுப்பறதும் பெண்களைப் பால்கனிக்கு அனுப்பறதும் ஒண்ணுதானே? அவர் போய்ப் பேசினார்தான்.

1971-ல் ஓட்டெடுப்பு. பெண்களைச் சேர்க்க 227 பேர் சரின்னாங்க, 56 பேர் வேண்டாம்னாங்க. 11 வருஷம் கழிச்சு, 1982-ல், கிளப் தலைவரா வந்தவர் விவியன் வால்பெர்க். ஒரு பெண். அந்த 56 பேர்ல எத்தனை பேர் அவர் வாசிக்கறதுக்காகக் கேள்வி எழுதிக் கொடுத்திருப்பாங்களோ!