பகை எங்கே பிறக்கிறது?

ஐந்து வயதுப் பாலகன் ஒருவனை விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்குள்ளோர் அனைவரும் போயர் சிறுவர்கள். இவன் ஒருவனே ஆங்கிலேயன். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், ஆங்கிலேயர் அமைத்த முகாம்களில் 26,000-க்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். அந்தப் பழியெல்லாம் இந்தப் பச்சைக் குழந்தையின் தலையில் விடிகிறது!

தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரைஸ் கோர்ட்னி, 1989-இல் வெளியிட்ட 'தி பவர் ஆஃப் ஒன்' என்னும் நாவலின் தொடக்கம் இது.

உலக யுத்தம் முடிந்தபின், கதாநாயகன் பீக்கே ஜோஹானஸ்பர்க் விடுதிப் பள்ளியொன்றில் சேருகிறான். லெவி என்ற யூதச் சிறுவன் உயிர்த்தோழனாகிறான். அடிபட்டவன் வலி அடிபட்டவனுக்கல்லவா தெரியும்? இருவரும் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர்களுக்குச் சனிக்கிழமைதோறும் எழுத்தறிவிக்கிறார்கள். சர்க்கார் பொறுக்குமா? போலீஸார் வந்து அதை நிறுத்திவிடுகிறார்கள். 1948-இல் பதவியேற்ற தேசியக் கட்சி, நிற வேற்றுமையையே சட்டமாக்கிய நாடல்லவா அது!

புத்தகத்தை மூடியபின் ஓர் எண்ணம் நம்மை வாட்டுகிறது. பல்லாண்டுகள் பிள்ளைகளுடன் பழகிய நாம் கண்டது இது: எந்தக் குழந்தையும் பகையைத் தானாகக் கற்பதில்லை, திண்ணையில் பெரியவர்கள் பேசியதையே மறுநாள் வகுப்பில் ஒப்பிக்கிறது. பக்கத்துப் பையனருகே உட்கார ஒரு மாணவன் மறுக்கும்போது, நாம் கண்டிக்க வேண்டியது யாரை?